டைவர்ஸ் ஆர்டர் நகல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விவாகரத்து கிடைத்த அன்று நகலைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. மறுமணத்தைப் பதிவு செய்யவோ, பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்கவோ, விசாவுக்கு விண்ணப்பிக்கவோ போகும்போதுதான் "டைவர்ஸ் ஆர்டர் சர்டிஃபைடு காப்பி இருக்கா?" என்ற கேள்வி வரும். அதற்குள் வக்கீல் ஆபீஸை மாற்றியிருப்பார், வழக்கு எண்ணும் மறந்து போயிருக்கும். நகல் மனு போடுவது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. எந்தத் தாள், எந்தக் கோர்ட், எந்த எண் என்று முடிவு செய்யாமல் கிளம்புவதால்தான் காரியம் கெடுகிறது. இங்கே சொல்வது தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறை.

இறக்கிய பிடிஎஃப்பை நகல் என்று நம்புவது

இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். சில வழக்குகளில் உத்தரவையே இறக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் அது தகவலுக்கு மட்டும்தான். சான்றிட்ட நகல் (சர்டிஃபைடு காப்பி) என்றால் என்ன என்பதைச் சட்டமே சொல்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 75-ஆம் பிரிவு. நகலின் அடியில் "உண்மை நகல்" என்ற சான்று, தேதி, அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, நீதிமன்ற முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து நோட்டரியிடம் முத்திரை குத்தி வாங்குவதும் இதற்கு ஈடாகாது. தன்னிடம் காட்டிய தாளும் ஜெராக்ஸும் ஒன்றே என்று மட்டும்தான் நோட்டரி சொல்கிறார். காட்டிய தாள் கோர்ட்டில் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது.

ஆனாலும் மனு போடும் முன் அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஒவ்வொரு வழக்குக்கும் அதில் 16 எழுத்து-இலக்கங்கள் கொண்ட சிஎன்ஆர் எண் உண்டு: மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், ஆறு இலக்க வரிசை எண், ஆண்டு. அதைக் குறித்து வைத்திருந்தால் எந்த நீதிமன்றம், எந்தத் தேதியில் முடிந்தது என்பதெல்லாம் கையில் இருக்கும். கணினிமயமாவதற்கு முன் முடிந்த வழக்குகள் அதில் அகப்படாமல் போகலாம். அகப்படவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

'டைவர்ஸ் காப்பி' என்று மட்டும் எழுதுவது

கோர்ட்டில் 'டைவர்ஸ் காப்பி' என்று ஒரு தாள் கிடையாது. காரணங்களை விளக்கி நீதிபதி எழுதியது உத்தரவு. "இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது" என்று சுருக்கமாகத் தனியே தயாரிப்பது தீர்ப்பாணை. வக்கீல்கள் இரண்டையும் சேர்த்து 'ஃபேர் அண்ட் டெக்ரீட்டல் ஆர்டர்' என்பார்கள். மனுவில் இரண்டையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் வாங்கிப் போனால், விசா அலுவலகமோ பதிவாளரோ மற்றதைக் கேட்கும் அன்று மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

உத்தரவு வந்த மறுநாளே தீர்ப்பாணையும் தயாராக இருக்கும் என்று நினைக்காதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை 6-ஏ விதி அதற்கு 15 நாள் வரை இடம் தருகிறது.

பரஸ்பர சம்மத வழக்கில் இன்னொரு தாளும் உண்டு. பணம், நகை, குழந்தையைப் பார்க்கும் உரிமை போன்ற நிபந்தனைகள் இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவில் இருக்கும். "மெமோ இந்த ஆணையின் பகுதியாகும்" என்று உத்தரவில் இருந்தால், அந்த மெமோ இல்லாத நகல் அரைகுறைதான். பின்னாளில் பணம் வரவில்லை என்று நிறைவேற்று மனு போடும்போது இந்த இடத்தில்தான் இடிக்கும்.

ஜீவனாம்சமும் குழந்தை பொறுப்பும் தனி மனுக்களாக நடந்திருந்தால் அவற்றுக்குத் தனி எண்கள் இருக்கும். விவாகரத்து எண்ணைப் போட்டு அந்த உத்தரவுகளைக் கேட்டால் கிடைக்காது.

இவ்வளவு அலைவதற்கு முன் பழைய வக்கீலிடம் உள்ள வழக்குக் கட்டில் (ஆவணத் தொகுப்பில்) ஒருமுறை தேடிவிடுங்கள். இந்து திருமணச் சட்டம் 23(4) பிரிவின்படி, விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரிவதில்லை. அந்த நகலை வக்கீல் வாங்கி அந்தக் கட்டிலேயே வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

கோர்ட்டையும் எண்ணையும் ஊகிப்பது

குடும்ப நீதிமன்றம் இல்லாத ஊர்களில் விவாகரத்து வழக்கை சார்பு நீதிமன்றம் நடத்தியிருக்கும். அங்கே எண் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மூல மனு) என்று தொடங்கும், சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் வெறும் ஓ.பி. கிறிஸ்தவர்களின் வழக்கு ஐ.டி.ஓ.பி. (இந்திய விவாகரத்துச் சட்ட மூல மனு) என்று இருக்கலாம். எண்ணும் ஆண்டும் சரியாக இருந்து, முன்னெழுத்து தவறினால் வேறு யாருடைய கட்டையோ தேடுவார்கள். "இல்லை" என்ற பதில்தான் வரும். சென்னையில் குடும்ப நீதிமன்றங்கள் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால், உயர்நீதிமன்றத்தின் நகல் பிரிவில் போய் வரிசையில் நிற்பவர்களும் உண்டு. அது வேறு அலுவலகம்.

எந்தக் கோர்ட் என்றே தெரியாதபோது இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு வழி காட்டும். திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரர் என்றால் அவர் குடியிருந்த ஊர். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் வழக்கு தாக்கலாகியிருக்கும். தாக்கலான இடத்திலேயே முடிந்திருக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். உயர்நீதிமன்றம் வழக்கை வேறு ஊருக்கு மாற்றியிருந்தால் அங்கே புது எண் விழுந்திருக்கும். மாவட்டம் பிரிந்ததாலும் கட்டு இடம் மாறியிருக்கலாம். 2019-இல் செங்கல்பட்டு, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி, 2020-இல் மயிலாடுதுறை எனப் புது மாவட்டங்கள் வந்தன. அந்தப் பகுதிப் பழைய வழக்குகளுக்குத் தாய் மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறையிலும் விசாரிக்க வேண்டும்.

2001-க்கு முந்தைய கிறிஸ்தவ விவாகரத்துக்கு ஒரு தனிக் குறிப்பு. மாவட்ட நீதிபதி தந்த விவாகரத்தை உயர்நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது முழுமை பெறும் என்று அன்றைய சட்டம் இருந்தது. 2001 திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆகவே பழைய வழக்குகளில் மாவட்ட நீதிமன்ற ஆணையோடு உயர்நீதிமன்ற உறுதியாணையின் நகலும் வேண்டும்.

வழக்கில் இல்லாதவர் போய்க் கேட்பது

வரன் பார்க்கும் வீட்டார் "பையனுக்கு நிஜமாகவே டைவர்ஸ் ஆகிவிட்டதா" என்று தெரிந்துகொள்ள நகல் கேட்டு வருவது உண்டு. கேள்வி நியாயமானதுதான், வழிதான் தவறு. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இந்த வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றும், விவரங்களை அச்சிட்டு வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. மூன்றாம் நபர் கேட்டால், தனக்கு ஏன் தேவை என்று பிரமாண வாக்குமூலம் போட்டு நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். வெறும் ஆர்வம் காரணமாகாது. அந்தப் பையனையே புதிதாக ஒரு சான்றிட்ட நகல் எடுத்துத் தரச் சொல்வதுதான் சுருக்கமான வழி. எதிர்த்தரப்பு ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகக் கிடைத்த ஆணை என்றால், அதை ரத்து செய்யும் மனு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பார்ப்போம் என்பது இன்னொரு வீண் முயற்சி. வழக்குக் கட்டின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நகலின் தேதிகளைப் பார்க்காமல் விடுவது

மேல்முறையீடு செய்ய நினைப்பவருக்கு, நகலில் எழுதியிருப்பதைப் போலவே அதில் குறித்திருக்கும் தேதிகளும் முக்கியம். சான்றிட்ட நகலில் சில தேதிகள் வரிசையாக இருக்கும்: மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் பெறத் தேவைப்பட்ட நாட்களை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து கழித்துத் தருகிறது. எந்த நாட்களைக் கழிப்பது என்பதை இந்தத் தேதிகளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

ஜூன் 3-இல் உத்தரவு, ஜூன் 20-இல் நகல் மனு, ஜூலை 8-இல் நகல் தயார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 20 முதல் ஜூலை 8 வரை 19 நாட்கள் கழியும். ஜூன் 3-க்கும் 20-க்கும் இடையில் சும்மா இருந்த நாட்கள் கழியாது. அந்த நாட்களில் கோர்ட்டே தீர்ப்பாணையைத் தயாரித்துக்கொண்டிருந்தது என்று சொன்னாலும் பலிக்காது, பிரிவின் விளக்கமே அதற்கு இடம் தரவில்லை. ஜூலை 8-இல் தயாரான நகலை 25-இல் போய் வாங்கினால் அந்த இடைவெளியும் உங்கள் கணக்கில்தான் சேரும். கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்டதைக் கவனிக்காமல் விட்டால் இன்னும் மோசம்: மனுவே தள்ளுபடியாகும், புதிதாகப் போட வேண்டும். யாரும் போன் செய்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

கெடு எத்தனை நாள் என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, 2003 திருத்தத்துக்குப் பிறகு 90 நாள் என்கிறது. மேல்முறையீடு செய்பவர் 30 நாளை மனதில் வைத்து ஓடுவதும், மறுமணம் செய்ய இருப்பவர் 90 நாள் பொறுப்பதும் இரு பக்கமும் பத்திரம். இந்து திருமணச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, மேல்முறையீடு இல்லாமல் அதற்கான காலம் கடந்த பிறகோ, போட்ட மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோதான் மறுமணம் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் இரு தரப்புச் சம்மதத்தோடு தந்த ஆணைக்கு மேல்முறையீடே கிடையாது.

வாங்கியவுடன் பையில் போடுவது

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பெயர்கள், தந்தை பெயர், திருமணத் தேதி, நடந்த இடம், வழக்கு எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து, ஆணையில் ஓர் எழுத்து என்றால் பின்னால் வம்பு. நகலை எடுத்தவரின் தட்டச்சுப் பிழை என்றால் அங்கேயே திருத்தி வாங்கலாம். மூல ஆணையிலேயே பிழை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின் கீழ் திருத்த மனு போட்டு, உத்தரவு வாங்கி, அதன் பிறகு மறுபடி நகல் எடுக்க வேண்டும். பேனாவால் நீங்களே திருத்தினால் அந்த நகல் செல்லாத காகிதம்.

லேமினேட் செய்யாதீர்கள், அதன் மேல் யாரும் முத்திரை வைக்க முடியாது. கோர்ட் தைத்துக் கொடுத்த நூலைப் பிரித்து ஸ்கேன் எடுப்பதும் வேண்டாம். தேவை ஒன்றுதான் என்று தோன்றினாலும் இரண்டு மூன்று நகலுக்குச் சேர்த்தே மனு போடுங்கள். ஒன்றை ஏதாவது ஓர் அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு கேட்பது

அண்ணனையோ மாமாவையோ அனுப்பி "என் தங்கச்சி கேஸ், காப்பி கொடுங்க" என்று கேட்டால் நடக்காது. வக்காலத்து பெற்ற வக்கீலோ அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) பெற்றவரோ போக வேண்டும். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இது. கூரியரில் வந்த உறையைத் தேதி தெரியும்படி பத்திரப்படுத்துங்கள்.

நகலை வெளிநாட்டில் காட்ட அப்போஸ்டில் (வெளிநாடுகள் ஏற்கும் அரசுச் சான்று முத்திரை) தேவைப்பட்டால், முதலில் மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். உத்தரவு தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். மொழிபெயர்ப்பை மட்டும் தனியே அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், சான்றிட்ட நகலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

கோர்ட் ஏறாத விவாகரத்துக்கு நகல் தேடுவது

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிய விடுதலைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு "இதற்குக் கோர்ட் காப்பி எங்கே கிடைக்கும்" என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். எங்கும் கிடைக்காது. சாதி வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்தப் பத்திரம் மட்டும் போதாது. குலாவுக்கு (முஸ்லிம் மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) ஷரியத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் தரும் சான்று செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் நகல் மனு உதவாது. குடும்ப நீதிமன்றத்தில் வழக்கே போட்டு ஆணை வாங்கினால்தான் நகல் என்ற பேச்சு.