சாதாரண கேமராவில் நட்சத்திரங்களைப் படம் எடுப்பது எப்படி?

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. லென்ஸே போதும், கூடவே ஆடாத முக்காலி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து, தெருவிளக்கு வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போங்கள்.

முதலில் லென்ஸின் ஜூமை 18 மி.மீ.-இல் வைத்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு ஜூமைத் தொட்டால் ஃபோகஸ் மாறிவிடும். படம் கெடுவது பெரும்பாலும் ஃபோகஸில்தான். இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்குமே தவிர எதையும் பிடிக்காது. மேனுவலுக்கு மாற்றி, பளிச்சென்று இருக்கும் ஒரு நட்சத்திரத்தைத் திரையின் நடுவில் கொண்டுவந்து, லைவ் வியூவில் (லென்ஸ் பார்ப்பதைத் திரையில் அப்படியே காட்டும் வசதி) 10 மடங்கு பெரிதாக்குங்கள். வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பத் திருப்ப அது சுருங்கி ஊசிமுனை அளவு புள்ளியாகும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி விரியும். விரிகிற வரை போய்விட்டு, அந்தப் புள்ளிக்கே திரும்பி வாருங்கள். லென்ஸில் உள்ள இன்ஃபினிட்டி குறியை (∞, வெகு தூரத்துக்கான ஃபோகஸ்) மட்டும் நம்பாதீர்கள், பல லென்ஸ்களில் வளையம் அதைத் தாண்டியும் திரும்பும். சரியாக வந்ததும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை நான் ஒட்டாமல் விட்டு, எங்கோ கை பட்டு நகர்ந்து, இரண்டு மணி நேரம் எடுத்த படம் அத்தனையும் மங்கலாகிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்காது.

அடுத்து நேரம். பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் (ஜூமை வைத்த மி.மீ. எண்) வகுத்தால் எத்தனை நொடி திறக்கலாம் என்று தெரியும், படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சின்ன ஏபிஎஸ்-சி வகை என்றால் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்க வேண்டும். 18 மி.மீ. லென்ஸுக்கு இது 27 ஆகி, கணக்கு 18 நொடி சொல்லும். நான் 15-ஐத் தாண்டுவதில்லை. அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 3.5, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா ஃபார்மட். கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். விரல் அழுத்தும் அதிர்வு படத்தில் வராமல் இருக்க 2 நொடி டைமர் வையுங்கள். அப்புறம், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரையில் எல்லாப் படமும் வெளிச்சமாகவே தெரியும், அதனால் படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நிலாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது நேர் வெயிலில் கிடக்கும் பாறை, முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/125 நொடி போதும்.

முதல் படத்துக்கு ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தை எடுங்கள், டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவிலேயே தெரியும். அதிலுள்ள திருவாதிரை நட்சத்திரம் செம்மையாகவும் ரீகல் நட்சத்திரம் நீலம் கலந்த வெள்ளையாகவும் விழுந்திருக்கும். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பில் துளி மேகம் மாதிரி ஒன்று இருக்கும். சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கிற ஓரியன் நெபுலா அது, உங்கள் 15 நொடிப் படத்தில்.