28-ஆவது கேள்வியை விட்டுவிடாத வகுப்பு: கணக்கு ஆசிரியர்களுக்குச் சில வழிகள்

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் 28, 42 என்ற இரண்டு எண்களைக் கணக்கு ஆசிரியர் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டும் கட்டாய வினாக்கள். 2 மதிப்பெண் பகுதியில் 14 கேள்விகளில் 10 எழுதினால் போதும், ஆனால் 28-ஐத் தொடாமல் இருக்க முடியாது. 5 மதிப்பெண் பகுதியில் 42-ம் அப்படித்தான். பெரும்பாலும் புத்தகத்தில் அச்சு அசலாக இல்லாத கணக்காக வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட அந்த இடத்தில் கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்திருப்பதைத் திருத்தும் மையத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

காரணம் நமக்குத் தெரியும். வரைபடம் 8, செய்முறை வடிவியல் 8, ஒரு மார்க்குக்கு புக் பேக், கூடவே தெரிந்த நாலு கணக்கு, 35 தாண்டிவிடலாம். தேர்ச்சிக்கே திணறும் பிள்ளைக்கு இந்த வழி தேவைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே வழியை ஒட்டுமொத்த வகுப்புக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்குகிறோமே, அதில்தான் எனக்குச் சண்டை. சிலபஸையோ பொதுத்தேர்வையோ நாம் மாற்ற முடியாது. ஒரு பீரியடில் பத்து நிமிடத்தை மாற்ற முடியும். நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன். ஜூனில் ஆரம்பியுங்கள். ரிவிஷன் டெஸ்ட் தொடங்கிய பிறகு உங்களுக்கும் பொறுமை இருக்காது, பிள்ளைகளுக்கும் இருக்காது.

முதல் வேலை, விடை வந்ததும் "சரி" என்று சொல்லும் பழக்கத்தை அடக்குவது. "எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேட்க வேண்டும், அது முக்கியம். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், "எப்படி" என்றாலே தப்பு என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதற்குச் சின்னக் கணக்கே போதும். 25 × 36 என்று பலகையில் எழுதி, தாளில் போடாமல் மனதில் போடச் சொல்லுங்கள். ஒருத்தி 36-ஐ நாலால் வகுத்து 9 நூறு என்பாள். ஒருவன் 25-ஐ நாற்பதால் பெருக்கி நூறைக் கழிப்பான். வாய்ப்பாடு முறையிலேயே கஷ்டப்பட்டுப் போட்டவனும் இருப்பான். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள், எதையும் அழிக்காதீர்கள். எல்லாரும் முடித்த பிறகு, 25 என்பது 5-இன் வர்க்கம், 36 என்பது 6-இன் வர்க்கம், அதனால் விடை 30-இன் வர்க்கம் என்று ஒரு குரல் வரும். வரவில்லையென்றால் நீங்கள் சொல்லாதீர்கள், அடுத்த வாரம் 16 × 25 கொடுத்துப் பாருங்கள்.

டம்ளர் கணக்கு

பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனியை வெட்டிய கூம்பு, வருகிறது. சூத்திரத்தை எழுதிப் போட்டு, எடுத்துக்காட்டு ஒன்று, பயிற்சியில் மூன்று என்று முடித்துவிடலாம். நான் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோவேன். மேல் விட்டம் 8 செ.மீ., அடி விட்டம் 6, உயரம் 10. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? சூத்திரம் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுவேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: "டீச்சர், மேல ஆரம் 4, கீழ 3. சராசரி மூன்றரை. உருளைன்னு வச்சுப் போட்டா என்ன?"

இந்த இடத்தில் "அப்படிப் போடக் கூடாது, சூத்திரம் இருக்கு" என்று சொன்னால் அந்த வருடம் முழுக்க அவன் வாயே திறக்க மாட்டான். "போட்டுப் பாருடா" என்றேன். சுமார் 385 மி.லி. வந்தது. பிறகு சூத்திரத்தில் போட்டோம், 387.5 வந்தது. "ரெண்டரை மில்லிதானே டீச்சர் குறையுது, எங்க டீக்கடை அண்ணன் இதைவிட அதிகமா குறைப்பாரு" என்று வகுப்பே சிரித்தது.

நல்லது, இப்போது ஆசிரியரின் முறை. "இந்தக் குறுக்குவழி எப்போ காலை வாரும்?" கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. ஒரு பெண் அடி ஆரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பூஜ்ஜியத்துக்கு வந்ததும் அது முழுக் கூம்பு. சராசரி முறையில், மேல் ஆரமே கொண்ட உருளையின் கால் பங்கு வருகிறது, உண்மையில் மூன்றில் ஒரு பங்கு. கணிசமான வித்தியாசம்! அன்றைய வீட்டுப்பாடம், இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்துகளில் (மேல் ஆரம் R, அடி ஆரம் r) போட்டுப் பார்ப்பது. சுருக்கினால் π-யையும் உயரத்தையும் (R − r)²-ஐயும் பெருக்கி 12-ஆல் வகுத்ததாக வரும். வர்க்கம் இருப்பதால் குறுக்குவழி எப்போதும் குறைவாகத்தான் காட்டும், ஒருபோதும் கூட்டிக் காட்டாது. மறுநாள் இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ரெண்டு மூன்று பேர்தான். பரவாயில்லை. இடைக்கண்டச் சூத்திரத்தில் நடுவில் Rr ஏன் வருகிறது என்று அந்த வகுப்பில் யாரும் உருப்போட வேண்டியிருக்கவில்லை.

ஒரு பீரியட் போகும். அந்த வாரப் பயிற்சியில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கணக்கை விட்டுவிடுங்கள்.

டெஸ்டில் இடம் கொடுங்கள்

மார்க் இல்லாத வேலையைப் பிள்ளைகள் மதிப்பதில்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால் அலகுத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்றுங்கள், மற்றதெல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். நான் அதிகம் கொடுப்பது, போட்டு முடித்த கணக்கு ஒன்றில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வது. x² = 5x; இரு பக்கமும் x-ஆல் வகுக்க x = 5. "விடை சரியாத்தானே டீச்சர் இருக்கு?" என்பார்கள். 5 சரிதான். x = 0 எங்கே போனது? பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்று ஏழாம் வகுப்பிலிருந்து சொல்லிவருவது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறும். இன்னொரு வகை, விடையைக் கொடுத்துக் கேள்வியை எழுதச் சொல்வது. இதைத் திருத்த அதிக நேரம் பிடிக்கும், எப்போதாவது கொடுத்தால் போதும்.

புத்தகத்தில் உள்ளபடி போடாவிட்டால் மார்க் போய்விடுமோ என்ற பயம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. மாற்று முறையில் சரியாகச் செய்திருந்தால் பொதுத்தேர்விலும் மதிப்பெண் உண்டு என்பதை வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள். கூடவே, படிகளைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். திருத்துகிறவர் மனதைப் படிக்க முடியாது.

எச்.எம். கேட்டால் பாடக்குறிப்பைக் காட்டுங்கள். கற்றல் விளைவுகள் என்று நாம் எழுதும் பகுதியில் காரணம் கூறுதல், சரிபார்த்தல் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். புதிதாக எதற்கும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பெற்றோர் கேட்பது வேறு: "கைடுல இல்லாததை ஏன் டீச்சர் கேக்குறீங்க?" அவர்களிடம் தத்துவம் பேசாதீர்கள். 28, 42 இரண்டும் சேர்ந்து 7 மார்க் என்று சொல்லிப் பழைய வினாத்தாளைக் கையில் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதையே ஒரு படிவமாக்கி, "வாரம் ஒரு சிந்தனை வினா" என்று பதிவேடு போட்டுவிடாதீர்கள். அட்டைகளையும் ஏணிப் படத்தையும் வைத்துக் குழந்தைகள் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது குழந்தை தன் வேகத்தில் படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். மாநிலம் முழுக்கப் பரவிய பிறகு பல இடங்களில் அட்டையை எடுத்தாயா, ஏணியில் குறித்தாயா என்ற கணக்காகச் சுருங்கியது என்பது என் எண்ணம்.

கடைசியாக, பேசாத பிள்ளைகள். எப்போதும் கை தூக்கும் நாலு பேரை வைத்து வகுப்பு ஓட்டுவது சுலபம். நான் பழைய நோட்டின் பின்பக்கத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டதும் எல்லாரும் ஒரு வரி எழுதித் தர வேண்டும், பெயர் போட வேண்டாம். அதில் நாலைந்தை நானே வாசித்துப் பலகையில் எழுதுவேன். "தெரியல" என்று வந்த துண்டையும் வாசிப்பேன், எது வரைக்கும் தெரிகிறது என்று அடுத்த முறை சேர்த்து எழுதச் சொல்லி.