உள்ளதைத்தான் சொன்னாலும் கோள் கோள்தான்: நாவைக் காக்க நான் கடைப்பிடிக்கும் வழிகள்

காயல்பட்டினத்தில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரமலான் பாதி தாண்டிவிட்டால் பெருநாள் உடுப்புக்கு வருகிறவர்களால் பெஞ்சு நிறைந்துவிடும். காத்திருக்கிறவர்களுக்குப் பேச்சுதான் துணை. அப்படியொரு ரமலானில், நோன்பு வைத்த வாயோடு, கூடப்பிறந்த இருவரைப் பிரித்துவிட்டேன்.

தம்பி அளவு கொடுக்க வந்தபோது, "வாப்பா கடை வாடகைக்குக் காக்கா கணக்கே காட்டுறதில்ல" என்றார். எங்கள் ஊரில் வாப்பா என்றால் அப்பா, காக்கா என்றால் அண்ணன். மறுநாள் தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து அவர் காக்கா வந்தார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் காக்கா" என்று தொடங்கி, கேட்டதை ஒப்பித்தேன். அந்தப் பெருநாள் தொழுகையில் இருவரும் வேறு வேறு வரிசையில் நின்றார்கள். கை கொடுத்துக்கொள்ளவில்லை. 11 மாதம் அப்படியே போனது. உம்மா படுத்த படுக்கையானபோதும் ஆளுக்கொரு நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நான் இட்டுக்கட்டவில்லையே, உள்ளதைத்தானே சொன்னேன்" என்று எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் முறையிட்டேன். முஸ்லிம் என்ற தொகுப்பில் வரும் ஹதீஸை, அதாவது நபிமொழியை, அவர் சொன்னார். உன் சகோதரன் வெறுப்பதை அவனைப் பற்றிப் பேசுவதுதான் புறம். அது அவனிடம் உண்மையிலேயே இருந்தால்? இருந்தால்தான் புறம், இல்லாவிட்டால் அவதூறு. அந்தப் பேச்சை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் பகை மூளும்படி கொண்டுபோனால் அது கோள், நமீமத். கோள் சொல்கிறவன் சொர்க்கம் நுழைய மாட்டான் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

முதலில் உங்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சின்னச் சொற்களைப் பாருங்கள். நான் பையன்களிடம் "அந்தத் தொப்பைக்காரர் சட்டையை எடு" என்பேன். அவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா நாயகி (ரலி) ஒருமுறை, இன்னொரு மனைவியான ஸஃபிய்யா நாயகியைப் பற்றி, அவர் குள்ளம் என்று பொருள்படும்படி ஒரு வார்த்தை சொன்னார்கள். கடல் தண்ணீரில் கலந்தால் அதையும் மாற்றிவிடக்கூடிய வார்த்தையைச் சொல்லிவிட்டாய் என்றார்கள் நபி (ஸல்). உயரம் பற்றிய ஒரே வார்த்தை அது. நாள் முழுக்க நான் மனிதர்களின் உடம்பை அளக்கிறவன். இடுப்பு 44 என்று நோட்டில் எழுதுவது தொழில். அதைப் பெஞ்சில் இருப்பவர் காதில் போடுவது புறம். இப்போது கடையில் எல்லாச் சட்டையும் பில் நம்பரால்தான் அழைக்கப்படுகிறது. உங்கள் வேலையிலும் இப்படி ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

அப்புறம், உங்களைத் தேடி வரும் பேச்சு. எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது இதுதான். கோள் கொண்டு வருகிறவரிடம் நடந்துகொள்ள இமாம் கஸ்ஸாலி இஹ்யா என்ற தம் நூலில் ஆறு கடமைகள் எழுதியிருக்கிறார்: அவரை நம்பாதே, தடுத்துவிடு, அல்லாஹ்வுக்காக அவரை வெறு, அங்கே இல்லாதவரைத் தவறாக எண்ணாதே, உண்மையா என்று துருவாதே, அவர் கோள் சொன்னதை நீ போய் இன்னொருவரிடம் சொல்லாதே. ஆறாவதில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். "இன்னார் வந்து என்னிடம் கோள் மூட்டினார், நான் கேட்கவே இல்லை" என்று சொன்னால், அதுவும் கோள்தான்.

தடுப்பதென்றால் எப்படி? தபூக் போர்ப் பயணத்துக்குத் தோழர் கஅப் இப்னு மாலிக் வராததைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அங்கே விசாரித்தபோது, அவருடைய மேலாடைகளும் தற்பெருமையும் தடுத்துவிட்டன என்றார் ஒருவர். உடனே முஆத் இப்னு ஜபல் (ரலி), "நீர் சொன்னது கெட்ட பேச்சு, அவரைப் பற்றி நல்லதைத் தவிர நாங்கள் எதையும் அறியோம்" என்றார். அவ்வளவுதான். நீட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. நான் கடையில் சொல்வது இது: "அவங்க இங்க இல்லையே காக்கா, வந்ததும் அவங்களையே கேட்போம்." சொல்லிவிட்டு உடனே துணியை விரித்து, கை நீளம் முழுசா அரையா என்று கேட்பேன். முதலில் இதையெல்லாம் ஹதீஸ் சொல்லித்தான் நிறுத்தினேன். நாலு பேர் முன்னால் அவர்கள் முகம் வாடிப்போனது. அது வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்குத் தனிச் சட்டம் இல்லை. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற ஹதீஸ் அங்கேயும் பொருந்தும். பிறர் குறை பேசும் வாய்ஸ் நோட்டை அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். புறம் என்ற சொல்லை வைத்து, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கக் கூடாது. புருஷன் அடிக்கிறான் என்று ஜமாஅத்தில் சொல்ல வரும் பெண்ணிடம் "வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே" என்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அநீதி இழைக்கப்பட்டவர் சொல்லலாம் என்று குர்ஆனே (4:148) விலக்கு அளிக்கிறது. மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்களிடமும் மழுப்பாதீர்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி யோசனை கேட்டபோது, ஒருவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் (அதாவது பெண்களை அடிப்பவர்), மற்றவர் வசதியில்லாதவர் என்று நபி (ஸல்) வெளிப்படையாகச் சொன்னார்கள். கேட்ட விஷயத்துக்கு, தேவையான அளவு பதில். அதற்கு மேல் அந்தக் குடும்பத்துக் கதை வேண்டாம்.

சரி, ஏற்கெனவே பேசிவிட்டோம், என்ன செய்வது? அல்லாஹ்விடம் தவ்பா (பாவமன்னிப்பு) கேட்பதோடு, சம்பந்தப்பட்டவரின் மன்னிப்பும் வேண்டும். பேச்சு அவர் காதுக்கு எட்டவில்லை என்றால், போய்ச் சொல்லிப் புண்படுத்தாமல், அவருக்காக துஆ செய்து, குறை பேசிய அதே இடத்தில் அவருடைய நல்லதைப் பேசச் சொன்ன உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. என் விஷயத்தில் எட்டவேண்டிய காதுக்கு நானே எட்ட வைத்திருந்தேன்.

தம்பியிடம் போய் ஒத்துக்கொண்டேன். அப்புறம் காக்கா வீட்டுக்குப் போனேன். தம்பி பேசியதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தபோதுதான் நான் விட்டுவிட்ட பாதி ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்: "கணக்குப் பேச்சுக்கு முன்னாடி அவர் இன்னொண்ணும் சொன்னார். காக்கா இல்லன்னா எங்க யாருக்கும் படிப்பு இல்லன்னார். அதை நான் உங்ககிட்ட சொல்லல. என்னை மன்னிச்சிடுங்க."

காக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அலமாரியைத் திறந்து, அட்டை கிழிந்த வாடகை நோட்டை எடுத்தார். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினார்.