கல்லூரி மாறி வந்தவர்கள் நட்பில் செய்யும் தவறுகள்

நான் இரண்டாமாண்டு முடிவில் கல்லூரி மாறியவன். எனக்குப் பிறகு அப்படி வந்து சேர்ந்த சிலருக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறேன். அவர்கள் என் பழைய தவறுகளை ஏறத்தாழ அதே வரிசையில் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள், முகம் கொடுத்துப் பேசுங்கள் என்பவற்றை ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"முதலில் படிப்பு நிலைக்கட்டும்" என்று தள்ளிப்போடுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான், ஏனென்றால் கேட்பதற்கு இது மிகவும் பொறுப்பான முடிவாகத் தோன்றுகிறது. கல்லூரி மாறியதும் மதிப்பெண் சரிவதுண்டு என்பது உண்மையே. ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965இல் அதை 'மாற்ற அதிர்ச்சி' என்று குறிப்பிட்டார், அந்தச் சரிவு பெரும்பாலும் பின்னர் ஓரளவு சீராவதையும் காட்டினார். அந்த அச்சத்தில் நான் முதல் பருவம் முழுவதையும் நூலகத்துக்குக் கொடுத்தேன். இரண்டாம் பருவத்தில் நாடக மன்றத்தின் கதவைத் தட்டியபோது வேடங்கள் பிரிக்கப்பட்டு ஒத்திகையே பாதி முடிந்திருந்தது. எனக்கு நாற்காலி அடுக்கும் வேலை கிடைத்தது. ஆண்டு இறுதியில், தொடக்கம் முதல் உழைத்தவர்களிடையே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு எனக்கு இறுதியாண்டு.

இதைவிட வேடிக்கை, படிப்புக்காகத் தனித்திருந்தவனுக்குப் படிப்பும் தேறவில்லை. ஒரு தாளின் பாடப்பகுதி மாற்றப்பட்டது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது; என்னிடம் சொல்ல ஒருவரும் இல்லாததால், நீக்கப்பட்ட பகுதியை விடிய விடியப் படித்துவிட்டுத் தேர்வெழுதப் போனேன்.

கணக்காகவும் பாருங்கள். ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் மேலோட்டமான நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணிக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது; அதிலும் வேலைக்காகவோ வகுப்புக்காகவோ கூடியிருக்கும் நேரத்தைவிட, விரும்பிச் சேர்ந்து கழிக்கும் நேரமே அதிகம் பயன்படுகிறது. வாரம் இரண்டு மணி நேரம் மன்றத்துக்குப் போனால் 15 வாரப் பருவத்தில் சேர்வது 30 மணிதான். முதலாமாண்டிலேயே வந்தவர்கள் ஒரு பருவத்தை வீணாக்கினாலும் சமாளித்துக்கொள்வார்கள். நமக்கு இருப்பதே நான்கு பருவங்கள் என்றால், ஒன்றை இழப்பது கால்பங்கை இழப்பதாகும்.

முதல் வாரத்தில் ஏழு மன்றங்களில் பெயர் கொடுத்தல்

இரண்டு போதும்.

அந்த இரண்டிலும் வெறும் உறுப்பினராக இருக்காமல், வருகைப் பட்டியல் எழுதுவது, சுவரொட்டி ஒட்டுவது போன்ற யாரும் விரும்பாத ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை கையில் இருந்தால் பேச்சைத் தொடங்கக் காரணம் தேட வேண்டியதில்லை, மற்றவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

"எங்கள் பழைய கல்லூரியில்..."

ஒரு முறைக்கு மேல் சொல்லாதீர்கள்.

நாளுக்கொரு இருக்கையில் உட்காருதல்

இதைத் தவறு என்றே பலர் நினைப்பதில்லை. 1992இல் மோர்லேண்ட், பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்கள் ஒரே பாடத்தின் வகுப்புகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் வந்து, யாரிடமும் பேசாமல் போனார்கள்; நால்வரில் ஒருவர் வரவேயில்லை. பின்னர் படங்களைக் காட்டிக் கேட்டபோது, 15 முறை வந்தவரை, ஒருமுறையும் வராதவரைவிட மாணவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. நானோ ஒரு பருவம் முழுவதும் எங்கே இடம் காலியோ அங்கே உட்கார்ந்து, யாருடைய கண்ணிலும் பதியாமல் போய்வந்தேன்.

பிறகு ஜன்னலோரம் மூன்றாம் வரிசையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவருடன் அதிகம் பேசியதில்லை. ஒருநாள் காய்ச்சலால் வராமல் மறுநாள் போனபோது, என் இடத்தில் உட்கார வந்த ஒருவரை "ஆள் வருகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டதாக அவர் சொன்னார்.