இடது குழல் மட்டும் வெற்றுத் தோட்டாவைத் துப்பவில்லை

தென்னாப்பிரிக்காவின் டோங்காட் கரும்புக்காட்டில் கினிக்கோழி வேட்டைக்குப் போகும் அப்பாவின் பழைய 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி. சுட்டபின் திறந்தால் வலது குழலின் வெற்றுத் தோட்டா பறக்கும், இடது குழலில் அப்படியே நிற்கும். தோட்டா பிராண்டை மாற்றினேன், பலனில்லை. கிரீஸ் பூசினேன், இன்னும் மோசம். வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங் போயிற்று என்றே நினைத்தேன்.

வெற்றுத் துப்பாக்கியின் குழல்களைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது: இடது எஜெக்டர் முடியளவு துருத்தி நின்றது. அதன் காலுக்குப் பின்னால் எரியாத வெடிமருந்துத் துகளும் கிரீஸும் வெல்லப்பாகு போல இறுகியிருந்தன. மூடும்போதெல்லாம் எஜெக்டர் முகம் உரசித் தேய்ந்ததும் அதனால்தான். அப்புறம் மண்ணெண்ணெய், பல் பிரஷ், மரக்குச்சி. கடைசியில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். இரண்டு எஜெக்டரும் ஒன்றாகத் துள்ளின. இப்போது வீட்டில் சோதிக்க மருந்தில்லாத போலித் தோட்டாதான் போடுகிறேன்.