கண்காட்சிக்கு ஒரு மண்மேட்டுக் கோட்டை

கோட்டை என்றதும் பிள்ளைகள் ரெஜிபோமில் கல்மதில் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். 1066இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நோர்மானியர் அவசரமாக எழுப்பிய கோட்டைகளில் பல, மண்ணும் மரமும்தான். ரெஜிபோமை ஓரமாக வைத்துவிட்டு மண்வெட்டியோடு குளத்தடிக்குப் போங்கள்.

நான் வகுப்புக்குக் கொடுப்பது இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் இருக்கும் தெட்ஃபோட் கோட்டை மேடு. உயரம் ஏறத்தாழ 20 மீற்றர். நூறில் ஒரு பங்காக்கினால் 20 சென்ரிமீற்றர். அடி நன்றாகப் பரந்தது, அதனால் பலகை ஒரு மீற்றருக்குக் குறையக் கூடாது.

மண் போடுவதில்தான் முழு வேலையும். குவித்துத் தட்டினால் சரியும். குளக்கட்டுப் போட்டவர்களைக் கேளுங்கள், படைபடையாக இறுக்கச் சொல்லுவார்கள். நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த கதையைத் துணியில் தைத்துக் காட்டும் பேயோ திரைச்சீலையில், ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் கோட்டை மேட்டைக் கட்டும் காட்சியிலும் மேடு நிறம் மாறிய பட்டைகளாகத்தான் தைக்கப்பட்டிருக்கிறது. ஒரு படை குளத்துக் களி, ஒரு படை கிரவல், ஒவ்வொன்றும் விரல் தடிப்பு. உலக்கையால் இடித்து, பெருவிரலை ஊன்றினால் குழி விழாத பதம் வந்த பிறகே அடுத்த படை. களியில் கொஞ்சம் உமி பிசைந்தால் வெடிப்புக் குறையும். கடைசியில் ஒரு பக்கத்தைக் கத்தியால் நேராக வெட்டிவிடுங்கள், படைகள் தெரியட்டும்.

அடியைச் சுற்றி அகழி வேண்டும். அகழி தோண்டிய மண்தான் மேடாகும், அதை மறந்து மேட்டை மட்டும் செய்யாதீர்கள்.

மேட்டின் ஒரு பாதியை அந்தக் காலமாக்குங்கள்: உச்சியில் மரக் கோபுரம், சுற்றிவர ஈர்க்கு வேலி. மறுபாதி இன்றைய மேடு. மரக் கோபுரமும் வேலியும் போய்விட்டன, புல் மூடிய மேடுதான் மிச்சம். அறுகம்புல்லை வேரோடு பதித்துத் தண்ணீர் தெளித்தால் பிடித்துக்கொள்ளும். அங்கே இது பாதுகாக்கப்பட்ட சின்னம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தோண்டவோ உலோகம் தேடும் கருவி கொண்டுபோகவோ முடியாது. இலங்கையில் நம்மிடமும் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி ஒட்டலாம். ஆனால் பூநகரிக் கோட்டையின் படத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கல் வேலை, பார்ப்பவர் குழம்பிப்போவார்.

வெயிலில் காயவிட வேண்டாம். ஈரச் சாக்கால் மூடி, நிழலில் மெல்லக் காயட்டும். லாண்ட்மாஸ்டரில் ஏற்றும்போது அடியில் வைக்கோல் தடிப்பாகப் போடுங்கள், கிரவல் ரோட்டில் ஈர்க்கு வேலிதான் முதலில் கழரும்.