ஆரம்பப் பிரிவு வகுப்பின் ஓராண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புப் பாடசாலைகளில் ஆண்டுத் திட்டம் பிழையாகிப்போவது ஜனவரியிலேயே. வாரத்துக்கு 5 நாள் என்று கணக்கிட்டு எல்லா அலகுகளையும் நிரப்பிவிடுகிறார்கள். மாதந்தோறும் வரும் பௌர்ணமி விடுமுறை, சித்திரை விடுமுறை, இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி, ஒக்டோபரில் சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாணி விழா என்று நாட்கள் கரைவதை யாரும் கழிப்பதில்லை. பாடசாலை பரீட்சை நிலையமாகிவிட்டால் இன்னும் சில நாட்கள் போகும். வாரத்துக்கு 4 நாள் என்று எண்ணித் திட்டமிட்டால்தான் கணக்கு ஓரளவு சரிவரும்.

நாள் போதாமல் போகும்போது முதலில் வெட்டுப்படுவது எது என்று பாருங்கள். செயற்பாடு நடக்கும், அதற்குப் பின்னால் வரவேண்டிய பேச்சும் எழுத்தும்தான் நின்றுபோகும். பயறு முளைத்தது, படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று, அடுத்த அலகு. பிள்ளை எதைக் கவனித்தது, ஏன் அப்படி நடந்தது என்று நினைக்கிறது என்பதை யாரும் கேட்கவேயில்லை. ஒரு செயற்பாட்டுக்கு 2 பாடவேளை தேவையென்றால் 3 ஒதுக்குங்கள். மூன்றாவது, பேசவும் வரையவும் எழுதவும் மட்டும். கீழே வரும் தவறுகளில் பலவற்றுக்கு இந்த மூன்றாவது பாடவேளை இல்லாததே காரணம்.

முதலாம் தவணை: எழுத்தும் எண்ணும்

தரம் 1 இல் முதல் வாரமே அரிச்சுவடி வரிசையில் ‘அ’ எழுதவைப்பது பலருக்கும் பழக்கம். பாடவும் சொல்லவும் அந்த வரிசை நல்லது. எழுதத் தொடங்க நல்லதல்ல. ‘அ’, ‘இ’ இரண்டிலும் சுழியும் வளைவும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. பென்சிலை இப்போதுதான் பிடிக்கப் பழகும் விரலுக்கு அது பெரிய வேலை. ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவற்றில் தொடங்கினால் நேர்கோடும் ஒரு சிறு வளைவும் போதும். புள்ளியைச் சேர்த்துக்கொண்டால் படம், பட்டம், மடம் என்று பொருளுள்ள சொற்களைப் பிள்ளை அந்த வாரமே வாசித்துவிடும். இந்தச் சந்தோஷம் ‘அ’வைப் பக்கம் பக்கமாக எழுதுவதில் கிடைக்காது.

எழுத்துப் பிழைகளில் ‘கெ’, ‘கே’, ‘கை’ தனிக் கவனம் கேட்பவை. பிள்ளையின் காதில் முதலில் விழுவது ‘க்’; கையோ முதலில் கொம்பை எழுதவேண்டும். இந்த முரணை விளக்காமல் ‘கவனமில்லை’ என்று சிவப்புப் பேனையால் சுழித்தால் பிழை தரம் 3 வரை தொடரும். கொம்பை ஒரு நிற அட்டையிலும் எழுத்தை இன்னொரு நிற அட்டையிலும் எழுதிக்கொடுத்து, சொல்லைச் சொல்லிக்கொண்டே மேசையில் அடுக்கவிடுங்கள். அதன்பிறகு கொப்பி.

கொழும்பு வகுப்பறையில் இன்னொன்றும் உண்டு. ஒரே வரிசையில் யாழ்ப்பாணப் பேச்சு, மலையகப் பேச்சு, முஸ்லிம் வீடுகளின் பேச்சு, வீட்டில் ஆங்கிலமோ சிங்களமோ கலந்து பேசும் பிள்ளை எல்லாரும் இருப்பார்கள். வாய் திறந்ததும் ‘அப்படிச் சொல்லக்கூடாது’ என்று திருத்தினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை கை உயர்த்தாது. பேசும்போது விட்டுவிடுங்கள். எழுதும்போது எழுத்து வழக்கைக் காட்டிக்கொடுங்கள்.

கணிதத்தில் அடிக்கடி காணும் பிழை: 43 - 27 = 24. பிள்ளை கவனக்குறைவாக எழுதிய விடையல்ல இது. ‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது’ என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அப்படியே பின்பற்றி, 7 இலிருந்து 3 ஐக் கழித்திருக்கிறது. இன்னும் 10 கணக்குக் கொடுத்தால் அதே பிழை 10 முறை வரும். ஈர்க்குகளை ஒரே நீளத்தில் முறித்து, பத்துப் பத்தாக இறப்பர் பட்டி போட்டுக் கட்டுங்கள். 43 என்றால் 4 கட்டும் 3 தனி ஈர்க்கும். 7 ஐ எடுக்கத் தனி ஈர்க்கு போதாது. ஒரு கட்டை அவிழ்த்தால் 13. அதில் 7 போனால் 6, மிச்சம் 3 கட்டில் 2 போனால் 1. விடை 16. பட்டியைப் பிள்ளையே அவிழ்க்க வேண்டும். ஆசிரியர் முன்னால் நின்று அவிழ்த்துக் காட்டினால் அது வெறும் வேடிக்கை. ஒரு பிள்ளைக்கு 5 கட்டும் 9 தனி ஈர்க்கும், அதாவது 59 போதும்.

பயறு முளைக்கும் கோப்பை

எல்லா வகுப்பிலும் நடக்கிறது, பெரும்பாலும் பிழையாக. முதல் பிழை தண்ணீர். பஞ்சைத் தோய்த்துப் பிழிந்துவிட்டு விரிக்க வேண்டும். கோப்பையைச் சரித்தால் ஒரு துளியும் வடியக்கூடாது. தண்ணீரில் மூழ்கிய விதைக்குக் காற்றுக் கிடையாது, மூன்றாம் நாள் நாற்றம்தான் வரும். ஒரு கோப்பைக்கு 5 அல்லது 6 பயறு போதும்.

இரண்டாவது, நாள். வியாழன், வெள்ளியில் தொடங்கினால் வேர் வெளிவருவதும் முளை நிமிர்வதும் சனி, ஞாயிறில் நடந்துமுடிந்துவிடும். ஞாயிறு இரவு ஊறவைத்து, திங்கள் காலை வகுப்பில் பரப்புங்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. ஒரு கோப்பையை ஜன்னலோரம், இன்னொன்றை அலுமாரிக்குள் வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை எடுத்துப் பார்த்தால் அலுமாரிக்குள் இருந்ததுதான் உயரமாக நிற்கும். ‘ஒளியில்லாவிட்டால் செடி வளராது’ என்ற விடையை மனதில் வைத்திருந்த ஆசிரியர் பதறி, கோப்பையை ஒளித்துவிடுவதும் உண்டு. உண்மையில் அங்கே நடப்பது இது: இருட்டில் முளை ஒளியைத் தேடி நீளுகிறது, விதைக்குள் சேமித்திருந்த உணவைச் செலவழித்தே நீளுகிறது. தண்டு மெலிந்து, இலை மஞ்சளாக இருக்கும். சேமிப்புத் தீர்ந்ததும் வாடிவிடும். முதலில் பிள்ளைகளிடம் ‘எது உயரம்? எது பலம்?’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு அலுமாரிக் கோப்பையையும் ஜன்னலுக்கு மாற்றி, இலை பச்சையாக மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதிலும் இவ்வளவு நல்ல விவாதம் வேறெந்தச் செயற்பாட்டிலும் கிடைப்பது அரிது.

உயரம் அளக்க அடிமட்டம் வேண்டாம். பல அடிமட்டங்களில் விளிம்புக்கும் 0 க்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறது. சில பிள்ளைகளோ 1 இலிருந்து அளக்கத் தொடங்கும். முளையின் உயரத்துக்கு ஒரு காகிதக் கீற்றை வெட்டி, நாள் எழுதி வரிசையாக ஒட்டினால் சலாகை வரைபு தானே வந்துவிடும்.

இலையின் நிறத்தைப் பார்த்து முடிந்ததும் கோப்பைகளை அப்புறப்படுத்துங்கள். இது கொழும்பு, நுளம்பு முட்டை வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். ஜன்னலில் தண்ணீர்ப் போத்தலில் வளரும் கொடிகளுக்கும் இதே கதை. தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, டெங்கு நுளம்பின் முட்டை போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். உரசிக் கழுவ வேண்டும்.

மழைமானி

புத்தாண்டு உற்சாகத்தில் ஜனவரியிலேயே வானிலை அட்டவணை தொடங்கப்படுகிறது. கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி பெரும்பாலும் வரண்ட காலம். கட்டம் கட்டமாகச் சூரியனையே வரைந்து பிள்ளை சலித்துப்போகும். ஜனவரியில் 2 வாரம், ஒக்டோபர் கடைசியில் 2 வாரம் பதிந்து இரண்டையும் பக்கத்தில் ஒட்டிப் பார்ப்பதே பயன்.

மழைமானிக்காக வெட்டும் சோடாப் போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதிலிருந்து அளந்தால் எல்லாமே பிழை. சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 குறியுங்கள். வெட்டிய மேற்பகுதியைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், காலைக் கூட்டம் முடிந்ததும் வாசித்துவிட்டு 0 வரை கொட்டிவிடுங்கள். வெள்ளிக்குப்பின் திங்கள் காலை வாசிப்பது 3 நாள் மழை. அதைத் திங்கள் கட்டத்தில் எழுதினால், ‘திங்கட்கிழமைதான் மழை கூட’ என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

சுற்றுலா

மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, காலிமுகத்திடல் மூன்றையும் ஒரே நாளில் அடக்குவது பஸ் வாடகைக் கணக்கில் சரி, வேறெதிலும் சரியில்லை. ஒரு இடம் போதும். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போவதென்றால் 5 பொருட்களை முன்கூட்டியே தெரிவுசெய்து, படங்களை வகுப்பில் காட்டிவிட்டுப் போங்கள். அவற்றில் ஒன்று காலி மும்மொழிக் கல்வெட்டாக இருக்கட்டும்: 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல், 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்டது. பாரசீகம் அரபு எழுத்தில் இருப்பதால் குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு அந்த எழுத்துச் சாயல் தெரிந்திருக்கும். சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் ஒரே பெயர்ப்பலகையில் பார்த்து வளரும் பிள்ளைகள் அந்தக் கல்லின் முன் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் விடுங்கள். கல் தேய்ந்திருக்கிறது, படத்தைப் பார்க்காமல் போனால் ‘வெறும் கல்’ என்று கடந்துவிடுவார்கள்.

கையில் 30 கேள்விகள் கொண்ட தாள் கொடுப்பதும் தவறு. பிள்ளை பெயர்ப்பலகையைப் பார்த்தெழுதும், பொருளைப் பார்க்காது. ஒரு தாள், ஒரு படம், ஒரு கேள்வி. பெத்தகான ஈரநிலப் பூங்கா என்றால் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவைகளும் இல்லை, பிள்ளைகளின் பொறுமையும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் கைவேலை

ரிஜிபோம் என்ற நுரை அட்டையில் வீடு, பிறிஸ்டல் போர்ட் என்ற தடித்த காகிதத்தில் எரிமலை. செய்பவர் அம்மா, அச்சிடுபவர் சந்திக் கடைக்காரர், பரிசு வாங்குவது பிள்ளை. வகுப்பிலேயே, ஒரே அளவு பொருள் கொடுத்து, 40 நிமிடத்தில் செய்யவிடுங்கள். கோணலாக வரும். வரட்டும்.

விளையாட்டுப் போட்டிப் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை: பெப்ரவரி, மார்ச் வெயிலில் காலை 9.30 க்குமேல் மைதானத்தில் நிறுத்தாதீர்கள், தெரிவாகாத பிள்ளைகளை நிழலில் சும்மா உட்காரவைக்காதீர்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தரம் 3 இலேயே மாதிரி வினாத்தாள் தொடங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விடையைத் தெரிவுசெய்யப் பழகிய பிள்ளைக்கு, தானாக 4 வசனம் எழுதவருவதில்லை. அந்த நேரத்தில் தினமும் 15 நிமிடம் சத்தமாக வாசிக்கவிடுங்கள். வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆண்டிறுதியில் அடுத்த வகுப்பாசிரியருக்குப் போகும் குறிப்பில் ‘கணிதத்தில் பலவீனம்’ என்று எழுதுவது எவருக்கும் உதவாது. ‘47 ஐ 74 என எழுதுகிறார், ஈர்க்குக் கட்டுகள் கொடுத்தால் சரியாகச் செய்கிறார்’ என்று எழுதினால், அந்த ஆசிரியருக்கு ஜனவரி முதல் வாரத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியும். ஒரு பிள்ளைக்கு 2 வரி. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் கொப்பியில் 3 பக்கமளவில் முடிந்துவிடும்.